வல்லூறை ஏன் கொன்றீர்கள்?

மார்ச் 4

எழுத்தாளர் பாய்மரம் அவர்களுக்கு,

வணக்கம். இந்த வாரத் தொடரில் வல்லூறைக் கோட்டை மதிலிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டீர்கள். அதற்காகத் திட்டிப் பலரும் எழுதியிருப்பார்கள். நான் திட்ட எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான் பல் செட் செய்கிறவள். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஓர் அறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். மெழுகில் ஈறு செதுக்கிப் பல் நடுவது என் வேலை. எங்களில் மெருகு போடுகிற அக்கா மதியச் சாப்பாட்டின்போது உங்கள் 'நடுக்கொத்தளம்' தொடரைச் சத்தமாகப் படிப்பார். சரித்திரக் கதை எனக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அதில் யாருக்கும் வயிற்றுவலி வராது, எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே பேசுவார்கள். அதனால் அரைக் காதுதான் கொடுத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் அக்கா படித்த ஒரு வரியைக் கேட்டுக் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டேன்.

உங்கள் ஒற்றன் வல்லூறு யாரிடம் விடைபெற்றாலும் "மூன்றாம் படி, பார்த்து" என்கிறான். நடுக்காட்டில் குதிரை மேல் இருந்துகொண்டு சொல்கிறான். அங்கே ஏது படி? வீரர்களின் ரகசிய மொழியாக இருக்கும் என்றார் அக்கா.

எங்கள் வீட்டு மாடிப் படிக்கட்டில் மூன்றாவது படியை மிதித்தால் கிறீச்சென்று கத்தும். அப்பா விழித்துக்கொள்வார். நானும் அண்ணனும் வெளியே போகும்போதெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

பழைய இதழ்களை எல்லாம் அக்காவிடம் வாங்கிப் படித்தேன். வல்லூறுக்கு முன்பல் உடைந்திருக்கிறது, 'ச' வரும் இடத்தில் சின்னதாய் விசில் வருகிறது. என் அண்ணனுக்கும் அப்படித்தான். வல்லூறு அரண்மனைக் கணக்கன் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கட்டுச்சாப்பாட்டோடு பாலத்தடியில் போய் உட்கார்ந்து மீன்களுக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறான். ஒரு வருடம் முழுக்க. இதையும் என் அண்ணன் செய்தான்.

அவன் வீட்டை விட்டுப் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது.

அதனால் கேட்கிறேன். வல்லூறைக் கொன்றது கதைக்காகவா? இல்லை, ஏதாவது சேதி தெரிந்தா?

இப்படிக்கு,
பல் செட் செய்யும் ஒருத்தி


மார்ச் 11

அன்புள்ள வாசகருக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்று அகமகிழ்ந்தேன். தங்களைப் போன்றோரின் அன்பே என் பேனாவின் மை. தொடரில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே. எவரையும் குறிப்பன அல்ல. தொடர்ந்து படியுங்கள், ஆதரவு தாருங்கள்.

தங்கள்,
பாய்மரம்


மார்ச் 15

ஐயா,

அச்சடித்த அட்டை வந்து சேர்ந்தது. கையெழுத்தைத் தடவிப் பார்த்தேன், அதுவும் அச்சு.

ஒருவர் வாய்க்கு எடுத்த அளவில் செய்த செட்டை இன்னொருவருக்கு அனுப்பினால் அது வாயில் நிற்குமா? உங்கள் பதிலும் அப்படித்தான் கடகடவென்று ஆடுகிறது. நான் அன்பு செலுத்தி எழுதவில்லை, கேள்வி கேட்டு எழுதினேன்.

"மூன்றாம் படி, பார்த்து." இது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? நீங்களே யோசித்தது என்றால் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அதற்கப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். மெருகு அக்கா உங்களுக்கு ரொம்பப் பரிந்து பேசுகிறார். அவருக்காகவாவது எழுதுங்கள்.

அதே ஒருத்தி


மார்ச் 24

அம்மா,

இது என் கையெழுத்துதான். தடவிப் பாருங்கள், மை ஒட்டும்.

முதலில் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். வல்லூறு செத்த வாரத்திலிருந்து தபால்காரர் என்னை முறைக்கிறார். கடிதங்கள் சாக்கில் வருகின்றன. என் முந்தைய நாவலின் அரசி தன்னை விட்டுப் போன மனைவிதான் என்றும், அவளை நல்லபடியாகத் திருப்பி அனுப்பும்படியும் ஒருவர் மாதாமாதம் எழுதுகிறார். இன்னொருவர் தன் தாத்தாதான் என் தளபதி, ஆகவே குதிரையின் நிறத்தை மாற்று என்கிறார். இவர்களுக்குப் பயந்துதான் அந்த அட்டை. என் உதவியாளர் கடிதங்களைப் பிரித்து அட்டைகளை அனுப்பிவிடுவார். உங்கள் முதல் கடிதம் என் கண்ணில் படவே இல்லை. இரண்டாவதில் 'கடகடவென்று ஆடுகிறது' என்ற வரியைப் படித்துவிட்டு அவர் சிரித்ததால்தான் வாங்கிப் பார்த்தேன். அப்புறம் உங்கள் முதல் கடிதத்தையும் தேடியெடுத்துப் படித்தேன்.

வல்லூறு ஏன் செத்தான் என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. அவன் வந்தால் மற்றவர்கள் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். கதையை முடிவை நோக்கி நகர்த்த வேண்டியிருந்தது. சேதி எதுவும் தெரிந்து செய்யவில்லை. இதை நீங்கள் நம்பலாம்.

இனி அந்த வரி. 'என் கற்பனையே' என்று எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். அதை யோசித்துக் கண்டுபிடித்த நினைவு எனக்கு இல்லை. உடைந்த பல்லையும் பாலத்தையும்கூட எப்போது யோசித்தேன் என்று தெரியவில்லை. என் சட்டைப் பையில் கைவிட்டால் இன்னொருவர் கைக்குட்டை வருகிற மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாக அத்தியாயம் ஓடவில்லை.

உங்கள் அண்ணன் எப்படிப்பட்டவர்? கதை சொல்வாரா? கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

பாய்மரம்


மார்ச் 29

ஐயா,

உங்கள் மை ஒட்டியது. நன்றி.

கதை சொல்வானா என்றா கேட்டீர்கள்? கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தால்கூட அதில் ஒரு துரத்தல், ஒரு தப்பித்தல் இருக்கும். முக்கியமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கைகழுவப் போய்விடுவான். நான் பின்னாலேயே போய் "அப்புறம்? அப்புறம்?" என்று நச்சரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அண்ணன் கல்லூரியில் முதல் வருடமே தேறவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு வருடம் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் பாலத்தடிக்குப் போய்வந்தான். எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்து, இன்று வாத்தியார் இதைச் சொன்னார் அதைச் சொன்னார் என்று அப்பாவிடம் கதை சொல்வான். அப்பா ரசித்துக் கேட்பார். அவர் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு வருடம்தான்.

ஒருநாள் அண்ணன் குடையை மறந்துவிட்டுப் போனான். மழை வரும்போல் இருக்கிறதே என்று அப்பா அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போய்விட்டார்.

அன்றைக்குச் சத்தமெல்லாம் இல்லை. "இனிமே என் கண்ணு முன்னால வராத" என்றார், அவ்வளவுதான். எங்களுக்கு அது புதிதில்லை. என்னிடம் வாரம் ஒருமுறை சொல்வார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். அண்ணன் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை வழக்கம்போல டப்பாவை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

அப்பா தேடவில்லை. என்னையும் தேட விடவில்லை. நாலு வருடம் முன்பு அவரும் காலமாகிவிட்டார். அதற்கப்புறம் தேடலாம் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போதுதான் ஒரு நுனி கிடைத்திருக்கிறது. அந்த நுனி உங்கள் கையில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், ஐயா. எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள்.


ஏப்ரல் 8

சகோதரிக்கு,

நினைவு வந்துவிட்டது.

பதிப்பாளரைப் பார்க்கப் போயிருந்தேன். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும் ஒரு டீக்காரரும். "மெக்கானிக் வந்துருவார் சார், பயப்படாதீங்க" என்றார் டீக்காரர். மெக்கானிக் என்ற சொல் காதில் விழுந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வார்டு அப்படியே கண்முன் வந்து நின்றது.

அப்போது நான் ஒரு நாவலும் எழுதியிருக்கவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞன், இரண்டு காலிலும் மாவுக்கட்டு. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், வேலை செய்யும்போது லிஃப்ட் ஓடும் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டான். வார்டு முழுவதும் அவனைக் 'கேப்டன்' என்று கூப்பிட்டது. அவன் கதை சொன்னால் வலிக்கிறது என்று முனகுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். முக்கியமான கட்டத்தில் "தூக்கம் வருதுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாலத்தடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தவனின் கதையையும் சொன்னான். தன் நண்பனுக்கு நடந்தது என்று சொன்னான்.

நான் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் கட்டிலிலிருந்தே கையை ஆட்டி, "மூணாவது படி, பார்த்துப் போங்க" என்றான். அந்த வார்டு தரைத்தளம், வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. மயக்க மருந்தின் வேலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். எத்தனையோ வருடம் கழித்து அது என் பேனாவிலிருந்து வந்தபோது என்னுடையது என்றே நம்பிவிட்டேன். வல்லூறை மதிலிலிருந்து விழவைத்தேனே, அந்த விழுதலும் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

ஒன்று சொன்னால் கோபிக்கக்கூடாது. அவன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடும் ஊழியர் ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். கேப்டனா, அவனை மறக்க முடியுமா என்றார். நாலைந்து வருடம் முன்பு சைக்கிள் கடைத் தெருவில் ஒரு லிஃப்ட் பட்டறையில் பார்த்தாராம். அந்தப் பட்டறை இப்போதும் இருக்கிறது, போன் செய்து விசாரித்துவிட்டேன். இலேசாகக் கால் தாங்கி நடக்கும் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார்.

முதலில் நான் மட்டும் போகிறேன். இத்தனை வருடம் வராதவருக்கு வராமல் இருக்க ஒரு காரணம் இருக்கலாம். கதவைச் சாத்துவதானால் அது என் முகத்தில் சாத்தப்படட்டும்.

பாய்மரம்


ஏப்ரல் 12

ஐயா,

அவனைப் போய்ப் பார்க்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவன் என் அண்ணன். உங்கள் பாத்திரம் இல்லை. தோன்றினால் கொல்லவும் தோன்றினால் தேடிப் போகவும்.

இதை எழுதிவிட்டு எழுந்து பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். வீட்டுக்கு வந்திருந்த மெருகு அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உனக்குப் போகணுமா, பையத் துவைக்கணுமா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். நான் போய் நின்று, அவன் என்னைப் பார்த்து "யார் வேணும்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அவன் போனபோது எனக்குப் பதினேழு வயது. அந்த முகம் இப்போது என்னிடமே இல்லை.

அதனால் நீங்களே போங்கள். ஒரு நிபந்தனை. எழுத்தாளராகப் போகாதீர்கள். அவன் கண்ணில் மின்னல் தெறித்தது, மீசை துடித்தது என்றெல்லாம் எனக்கு வேண்டாம். அவன் சொன்னதை அவன் சொன்னபடி எழுதுங்கள். அப்பா போனதை நீங்கள் சொல்லாதீர்கள்.


ஏப்ரல் 21

சகோதரிக்கு,

அவர்தான். உயிரோடு இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், கீழே என்ன எழுதினாலும் நீங்கள் இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கப் போகிறீர்கள்.

பட்டறை ஒரு சந்துக்குள் இருக்கிறது. தரையெல்லாம் கழற்றிப் போட்ட மோட்டார்களும் கிரீஸ் டப்பாக்களும். கம்பிக் கயிற்றைச் சுருட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அவர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடுப்பெலும்பு சார்தானே? இப்ப நல்லா நடக்கறீங்களா?" என்றார். 'சார்' என்றபோது அந்த விசில் வந்தது.

நான் எழுதுகிறேன் என்பது தெரியுமா என்று கேட்டேன். எல்லா நாவலும் படித்திருக்கிறார். வல்லூறு தான்தான் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். கோபம் இல்லையா என்றேன். கதை என்றால் யாருடையதோ ஒன்றை எடுத்துத்தானே ஆக வேண்டும் என்றார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கு நான்கூட ஒரு லெட்டர் போட்டேன் சார், போன வருஷம். கார்டு வந்துச்சு. எல்லாம் கற்பனைன்னு போட்டிருந்தீங்க. சரி, அவரே சொல்லிட்டாருன்னு விட்டுட்டேன்."

என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"மூணாவது படியைப் பத்தி யாராவது கேட்டு எழுதினாங்களான்னு. வேற ஒண்ணுமில்ல."

அங்கே ஒரு மோட்டார் பெட்டி இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக ஆனதில்லை. அந்த அட்டைக்கட்டை வீட்டுக்கு வந்ததும் எடைக்குப் போட்டுவிட்டேன்.

"எழுதியிருக்காங்க. உங்க தங்கச்சி" என்றேன்.

திருப்புளியை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்து, ஏற்கெனவே கழற்றியிருந்த திருகாணியையே தேடினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

தன் அப்பா வீட்டில் உட்கார்ந்து கோபமாக இருக்கிறார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். நீங்கள் சொன்னபடி நான் சொல்லவில்லை. தங்கச்சியே வந்து சொல்வார் என்றேன். "அவ வருவாளா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு என்று இரண்டு தரம் சொன்னார். முகவரியை நான் தந்த காகிதத்தில் எழுதாமல், தன் கடை ரசீதில் அழகாக எழுதிக் கொடுத்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன். மனைவி தையல் வேலை செய்கிறாராம்.

மீசை துடித்ததா என்று நான் பார்க்கவில்லை. அவருக்கு மீசையே இல்லை.

பாய்மரம்


ஏப்ரல் 29

ஐயா,

இதை அண்ணன் வீட்டுத் தையல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை உடனே எழுத வேண்டும் என்று பேப்பர் கேட்டு வாங்கினேன்.

நேற்று வந்தேன். கதவைத் திறந்தது அண்ணி. வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவற்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, உள்ளே பார்த்துச் சொன்னார்: "உங்க மூஞ்சியே புடவை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்குது. வந்து பாருங்க."

நான் பயந்ததெல்லாம் வீண். அவன் வந்தான், பார்த்தான், "குண்டாயிட்ட" என்றான். நான், "நீ நரைச்சிட்ட" என்றேன். அண்ணிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

டீ வருவதற்கு முன்பே அப்பா போனதைச் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் என்னால் முடியாது. அவன் தலையை மட்டும் ஆட்டினான், எப்போது, என்ன உடம்புக்கு என்று கேட்டான். பிறகு கேட்டான்:

"கடைசில என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வண்டியில் வரும்போது நல்லதாக ஒரு பதில் தயார் செய்துவைத்திருந்தேன். நீங்கள் எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கேக்கல" என்றேன். "யாராவது உன் பேரைச் சொன்னா எழுந்து போயிடுவாரு."

"கோவத்துலயா?"

"தெரியலடா. முதுகைத்தான் பார்த்திருக்கேன்."

அவன் அதை ரொம்ப நேரம் யோசித்தான். "எழுந்து போயிடுவாராம்" என்று அண்ணியிடம் திருப்பிச் சொன்னான், ஏதோ நல்ல சேதியைச் சொல்வது மாதிரி. அப்புறம்தான் அழுதான். நானும் அழுதேன். அண்ணி டீயை மறுபடி சூடு பண்ணினார்.

இரவு முழுக்கச் சின்னச் சின்னச் சண்டைதான். ஒரு கார்டாவது போட்டிருக்கலாமே என்றேன் நான். போட்டால் அப்பா உன்னையும் சேர்த்துத் திட்டியிருப்பாரே என்றான் அவன். நீ ஏன் என்னை முடிவு செய்ய விடவில்லை என்று கேட்டேன். அதை இன்னும் நான் விட்டுவிடவில்லை. நாளைக்கும் கேட்பேன்.

மெருகு அக்கா வல்லூறை எப்படியாவது பிழைக்க வைக்கச் சொல்லி உங்களிடம் பரிந்துரைக்கச் சொன்னார். சொல்லிவிட்டேன். எனக்கு அதில் அக்கறை இல்லை. அண்ணனைக் கேட்டேன், "அது அவர் வேலை" என்றான்.

உங்கள் உதவியாளருக்கு என் வணக்கம். அந்த நாளில் அவர் சிரித்திருக்காவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்று காலை ஒரு போன் வந்தது. அண்ணன் எடுத்து வேறு ஏதோ ஒரு பாஷையில் பேச ஆரம்பித்தான். தட்டுத் தடுமாறி இல்லை, சரளமாக. நடுநடுவே சிரித்தான். அந்தச் சிரிப்புகூட வேறு மாதிரி இருந்தது. அவன் குரலில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அவன் போனை வைத்ததும், இது என்ன பாஷை, எங்கே கற்றுக்கொண்டாய், யாரிடம் என்று கேட்டேன்.

"அது பெரிய கதை" என்றான்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பாதிதான் தெரியுமாம். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். கடிதத்தை இங்கேயே நிறுத்துகிறேன்.

அவன் தங்கை